வசவில்லாத ஆட்டம்

சிவனணைந்தபெருமாளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர்தான். துறைமுகத்தில் சம்பளம் பட்டுவாடா செய்த குமாஸ்தா ஒருவர். இப்போது பாளையங்கோட்டை நரம்பு டாக்டரிடம் சீட்டு வாங்கி வைக்கிற நர்ஸ். மற்ற எல்லோருக்கும் அவர் பெருமா.

ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து மீசை முளைத்த வயதில் தூத்துக்குடிக்கு வந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாலாம் ரயில்வே கேட் பக்கம் வீடு கட்டினார். மகள் ரம்யாவைப் படிக்கவைத்துக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார். கப்பலின் வயிற்றிலிருந்து மரத்தடியைத் தூக்கி லாரியில் இறக்கும்போது கீழே நிற்கிறவனை அவர் ஏசுகிற ஏச்சு, கடல்காற்றையும் தாண்டிக் கேட்கும் என்பார்கள். ஓய்வு பெற்றபின் அந்த வாய்க்கு வேலை கொடுத்தது செந்தூர்வேலின் பெயின்ட் கடைப் பின்னறை. டின்களுக்கு நடுவே ஒரு கேரம் போர்டு. ஒரு பக்கம் பெருமாவும் மீன்வளத் துறையில் இருந்த கிருபாநிதியும். எதிர்ப்பக்கம் சாத்தான்குளத்து ரிட்டயர்டு வாத்தியார் ஜேசுபாதமும் கடைக்காரர் செந்தூர்வேலும். தினமும் சாயங்காலம் இதே ஜோடி.

அந்த அறையில் மரியாதை என்ற சரக்கு கிடையாது. மாரடைப்பு வந்து நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பிய கிருபாநிதியை ஜேசுபாதம் வரவேற்றது இப்படித்தான்: “போன சவம் ஏம்லே திரும்பி வந்துட்டு? அங்கனயும் ஒன்னய ஆட்டத்துல சேக்கலயோ?” கிருபாநிதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெருமாவுக்கு முதலில் போனது மூக்கு. அடுப்பில் கருவாடு கருகி வீடெல்லாம் புகை மண்டியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடக்கும்போது வலது கை வீசவில்லை. இடுப்போடு தைத்துவைத்த மாதிரி தொங்கியது. எழுத்து எறும்பாய்ச் சுருங்கியது. போனில் பேசும்போது மருமகன் பெயர் நாக்கில் வராமல், “மாப்ள, மாப்ள” என்றே பேச்சை ஓட்டினார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவி சண்முகவடிவு மட்டும் சொல்லவில்லை. கையோடு அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

சின்ன வயது டாக்டரம்மா. நடக்கச் சொன்னார். புருவத்துக்கு மத்தியில் விரலால் தட்டினார். தட்டத் தட்டப் பெருமாவின் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. உள்ளங்கையைச் சாவி முனையால் லேசாகக் கீறினார். தாடை துடித்தது.

“கைக்கும் தாடைக்கும் என்னம்மா கனெக்சன்?”

“பச்சப் பிள்ளைங்களுக்கு இது இருக்கும் சார். வளர வளர மூளை அடக்கி வச்சிடும். வயசானா சில பேருக்குத் திரும்ப வரும். இத மட்டும் வச்சு எதுவும் சொல்லிட முடியாது.”

ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். இரண்டுதான் வந்தது. லேசான ஞாபகக் குறைவு, சில பேருக்கு இப்படியே நின்றுவிடும், சில பேருக்குக் கூடும், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

திரும்பும் பஸ் வல்லநாடு தாண்டியதும் பெருமா, “ஏளா, பயலுவளுக்குத் தெரியக் கூடாது. முட்டுவலிக்குப் போனோம்னு சொல்லு” என்றார்.

“தெரிஞ்சா என்னங்க? அவங்க என்ன அசலா?”

“தெரிஞ்சா என்னய ஏச மாட்டானுவ.”

“இதெல்லாம் ஒரு கவலையா ஒங்களுக்கு!” என்று வடிவு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் ஒப்பேறியது. ஒருநாள் எதிராளியின் கறுப்புக் காயைத் தன்னுடையது என்று நினைத்துக் குழியில் தள்ளினார். ஜேசுபாதம் எழுந்தே நின்றுவிட்டார். “ஏலே பேதில போவான், கண்ணு பொடதியிலயா இருக்கு? இவன் கிரேன்ல தூக்குன லோடெல்லாம் எந்தக் கப்பல்ல போய் எறங்கிச்சோ!” பெருமாவும் விடவில்லை. “ஒங்கிட்ட படிச்ச பிள்ளையளே கர சேந்துட்டு, என் லோடு சேராதாலே?” பெயின்ட் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று பெருமா மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார். இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கடையிலிருந்து திரும்பும்போது இரண்டாம் கேட்டில் ரயிலுக்காகச் சைக்கிளோடு நின்றார். கேட் திறந்து எல்லோரும் போன பிறகும் நின்றார். தன் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிடிபடவில்லை. அடுத்த ரயிலுக்குக் கேட்டை மூடினார்கள். எப்படியோ வழி தட்டுப்பட்டு வீடு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. “பஞ்சர்” என்றார். வடிவு டயரை அமுக்கிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து அவர் பின்னறைக்குள் நுழைந்தபோது ஜேசுபாதம் எழுந்து, சாய்மானமுள்ள நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வா, பெருமாள்.”

பெருமா ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது சுற்றில் மறுபடியும் ஒரு கறுப்பு அவர் கையால் விழுந்தது. விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஜேசுபாதத்தின் வாயைப் பார்த்தார். அது திறக்கவில்லை. செந்தூர்வேல், தங்கள் கணக்கில் சேர வேண்டிய அந்தக் காயைக் குழியிலிருந்து எடுத்து ஓசைப்படாமல் நடுவில் வைத்தார்.

“பரவால்ல அண்ணாச்சி.”

மின்விசிறி சுற்றுகிற சத்தம் அந்த அறையில் அதுவரை யாருக்கும் கேட்டதில்லை.

பெருமா அடுத்த முறை சிவப்பைக் குறிவைத்தார். விழுந்தது. சிவப்பைப் போட்டவன் உடனே தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும்; அதுதான் ஃபாலோ. தவறினால் சிவப்பு நடுவுக்குத் திரும்பிவிடும். பெருமா ஸ்ட்ரைக்கரை வேண்டுமென்றே வெற்றிடத்தில் ஓடவிட்டார். எதுவும் விழவில்லை. பிறகு எல்லோரும் பார்க்கச் சிவப்பை எடுத்துத் தன் பக்கத்தில், தன் காய்களோடு வைத்துக்கொண்டார். அப்பட்டமான கள்ளாட்டம்.

காத்திருந்தார்.

இதே மாதிரி ஒரு சிவப்புக்காக முன்பு ஒருதரம் நாள்கணக்கில் பேசாமலிருந்த ஜேசுபாதம், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருபாநிதி போர்டில் பவுடர் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்த இடத்திலேயே போட்டார்.

“என்னலே, ஒருத்தனும் பேச மாட்டேங்கிய? ஃபாலோ போடலலா நான்?”

“போட்டிருப்ப. நான் கவனிக்கல” என்றார் ஜேசுபாதம்.

“நீ கவனிக்கலயா? செவப்பையா?” பெருமா சிவப்பை எடுத்து நீட்டினார். “நெஞ்சுல கம்பி வச்சிட்டு வந்தவன செத்த சவமேன்னிய. எனக்கு மட்டும் என்னலே மரியாத? ஏசு. ஏசுலே ஜேசு.”

ஜேசுபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சவத்து மூதி” என்றார். கோயிலில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வந்தது அது. அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கியவர், வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். செந்தூர்வேல், யாரும் கூப்பிடாமலே, “இந்தா வாரேன்” என்று கடை முன்பக்கம் போனார்.

ஆட்டத்தைப் பெருமாவும் கிருபாநிதியும் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் வடிவு தோசைக்கல்லைப் போட்டிருந்தாள்.

“ஏளா, ஜேசு வீட்டுக்குப் போனியா?” என்றார் பெருமா.

அவள் திரும்பவில்லை. “டயர்ல காத்து இருந்துதுங்க. அன்னைக்கு நீங்க வரக் காணும்னு தெரு முக்குல நின்னுக்கிட்டிருந்தேன். நான் எங்கன போய்த் தேட? யாருகிட்டயாவது சொல்லித்தான ஆகணும்? ஒங்கள ஒருத்தர் பாத்துக்கிடணுமேன்னுதான்…”

“பாத்துக்கிடுதான்” என்றார் பெருமா. “நல்லாத்தான் பாத்துக்கிடுதான். வெளையாடத்தான் இனி ஆளு இல்ல.”

வடிவு தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றாள். அவள் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் சொல்லித்தான் இருப்பார்.

மறுநாள் சாயங்காலம் அவர் போவதாக இல்லை. ஆனால் வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஜேசுபாதம். எவனையும் கூப்பிட எவனும் வந்ததில்லை. வராதவனை மறுநாள் கிழிப்பதுதான் வழக்கம். போகாவிட்டால் அந்த மனிதன் உடைந்துபோவான் என்று பெருமாவுக்குத் தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஜேசுபாதம் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

“பாத்து, பெருமாள். படி இருக்கு.”

பெருமா தன் வீட்டுப் படியைக் குனிந்து பார்த்தார். பிறகு, பிடித்த கையை உதறாமல், ஒவ்வொன்றாக இறங்கினார்.