நான்காவது நிமிடத்தில் விழும் டிரம்ஸ்

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். போனில் என் பாட்டு ஓடியது. நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ் விழுந்ததும் இரண்டு காதுக்குள்ளும் சூடான கம்பியைச் செருகியதுபோல வலித்தது. கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வைரஸ் காய்ச்சல் விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பாட்டைச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது. நான் பிறக்கும் முன்பே வந்த இங்கிலீஷ் ராக் பாட்டு, எட்டு நிமிடம். முதலில் ஒற்றை கிட்டார். பிறகு ஒருவன் முணுமுணுப்பான். நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ். கல்ஃபிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் பதிமூன்று வயதில் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் டிரம்ஸ் விழுந்ததும் கைமுடி எழுந்து நின்றது, கண் நிறைந்தது, நாக்கில் இரும்பு ருசித்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். சிலர் உடம்பு அப்படி, பாட்டு காதோடு நிற்காது. பள்ளிக்கூடம், சர்ச், வீடு என்று எல்லோரும் எனக்கு ஏதாவது கொடுத்தார்கள். இந்த ஒன்றை நானாக எடுத்துக்கொண்டேன்.

அது இப்போது என்னை அடித்தது. பிறகு எல்லாச் சத்தமும் அடிக்க ஆரம்பித்தது. தட்டு வைத்தால் வலி. மிக்சி ஓடினால் வாந்தி. நானும் என் வீட்டுக்காரர் தாசனும் கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். ஷெட்டில் வாளியின் கைப்பிடி ‘டங்’ என்று விழுந்தால் எனக்கு உயிர் போய் வரும். தாசன் தட்டுக்கு அடியில் துணி விரித்தார், செருப்பில்லாமல் நடந்தார். அவர் தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடித் தும்மிவிட்டு வருவார்.

அடுத்தது நாங்கள் செய்த முட்டாள்தனம். மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலைச் சுருட்டி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பந்து செய்வார்கள். தாசன் அதே வேலையைச் சின்னதாகச் செய்தார். பஞ்சைப் புதுப் பாலில் தோய்த்து, என் காதுக்கு அளவு பார்த்து, உருட்டிக் காயவைத்து இரண்டு அடைப்பான்.

“ஏட்டி, இத வச்சுப் பாரு. இடி விழுந்தாலும் கேக்காது.”

கேட்கவில்லைதான். நாறியது, ஆனால் சொர்க்கமாக இருந்தது. நான்கு மாதம் குளிக்கும்போது தவிர எடுக்கவில்லை. எடுத்தால் முன்பைவிட மோசம். கடைசியில் கோழி கொக்கரித்தாலே அழுதேன்.

நாகர்கோவிலில் காது டாக்டரம்மா கேட்கும் திறனைச் சோதித்தார். காது பழுதில்லை. இது ஒலி மிகையுணர்வு (சாதாரணச் சத்தத்தையே மூளை தாங்காமல் வலியாக எடுத்துக்கொள்ளும் நிலை) என்றார். பிறகு அடைப்பானைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இத யாரு செஞ்சா?”

“எனக்க வீட்டுக்காரரு.”

“நல்லாத்தான் செஞ்சிருக்காரு. அதான் கேடு. இருட்டு ரூம்ல இருந்து வெயிலுக்கு வந்தா கண்ணு கூசும்லா? காத மூட மூட மூளையும் அப்படித்தான். பையப் பைய எடுக்கணும். பெரிய சத்தத்துக்கு மட்டும் நாங்க தர்றத வைக்கணும்.”

பக்கத்தில் நின்ற தாசன் முகம் செத்துப்போனது. பாவம், அன்பில் செய்ததுதான்.

சிகிச்சையின் பெயர் ஒலிப் பயிற்சி (தாங்கக்கூடிய சத்தத்தில் தொடங்கி மூளையைப் பழக்குவது). மெல்லிய வீணை ஏதாவது கேளுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வீணை வேண்டாம் டாக்டர். எனக்க பாட்டு வேணும். எட்டு நிமிசமும் வேணும்,” என்றேன். அவர் சிரித்தார். “சரி, அதுவே மருந்து. ஆனா வீம்புக்குக் கேக்கப்பிடாது. வலிக்கு முன்ன நிறுத்தணும்.”

அருமனையிலிருந்து மாமியார் வந்தார். “அது சாத்தானுக்க பாட்டு மக்ளே. கர்த்தரு உனக்க காத அடச்சு வழி காட்டுகாரு.”

“அடச்சா மொத்தமா அடைக்கட்டும் மாமி. நீங்க பேசுகது மட்டும் நல்லாக் கேக்குதே!”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காதுக்கு நல்ல ஓய்வு.

காது நன்றாகத்தானே இருக்கிறது, பின்னே நடிப்பா என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு. இதே வலியோடு இதை வாசிக்கிறீர்கள் என்றால் உங்களிடமும் கேட்பார்கள். சவத்த விட்டுத் தள்ளுங்கள். வலிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

போனில் ஒலியளவு ஒன்றில் தொடங்கினேன். முதல் வாரம் கிட்டார் மட்டும். பிறகு முணுமுணுப்பு. டிரம்ஸுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். ஒருநாள் பொறுக்காமல் வீம்புக்கு ஓடவிட்டேன். மூன்று வாரம் பின்னால் போனேன். டாக்டரம்மா திட்டியதெல்லாம் நியாயம். மறுபடி ஒன்றிலிருந்து. ஆனால் நிறுத்தவில்லை. என் உடம்புக்குள் வந்த ஒரு கோளாறு என் பாட்டைக் கொண்டுபோக நான் என்ன ஏமாளியா?

பத்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். ஒலியளவு ஐந்து. நிறுத்துவதற்குத் தயாராக தாசன் போனில் விரல் வைத்து நின்றார். நான்காவது நிமிடம் வந்தது. முதலில் பயம் விழுந்தது, பிறகு டிரம்ஸ். காதுக்குள் ஒரு அழுத்தம் வந்தது, வலி வரவில்லை. கைமுடி எழுந்தது. நாக்கில் இரும்பு. ஏசுவே, அந்த இரும்பு! எட்டாவது நிமிடம் முடியும்வரை அழுதுகொண்டே கேட்டேன்.

நான் பழைய ஆள் ஆகவில்லை. மிக்சி ஓடினால் இன்னும் வெளியே போய்விடுவேன். எட்டு நிமிடம் என்பது முன்பு டீ ஆறுகிற நேரம். இப்போது அதில் ஒவ்வொரு நொடியையும் எந்த வாரத்தில் மீட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்ததும் தாசன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“எங்க ஓடுதீங்க?”

மூக்கைக் காட்டினார்.

கதவைச் சாத்தினேன். “இங்கயே தும்முங்க,” என்றேன்.

நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு தும்மினார், இத்தனை மாதத்துத் தும்மலையும் சேர்த்து. காதைப் பொத்த என் கை பாதி தூரம் எழுந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டு, “இன்னொண்ணு,” என்றேன்.