ஒன்றையொன்று கூப்பிட்ட இரண்டு ஃபைல்கள்

என் கல்யாணம் நெருங்கிய நேரத்திலும் லீவு கிடைக்கவில்லை. ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டிலிருந்தே ஓர் அரிசி ஆலையின் கணினிக்கான பைத்தான் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நெல் வரவைக் கணக்கிடும் ஃபைல், ஈரப்பதம் பார்க்கும் ஃபைலை இம்போர்ட் செய்தது, அதாவது உதவிக்குக் கூப்பிட்டது. அதுவோ மூட்டை எடை வேண்டுமென்று வரவு ஃபைலையே திரும்ப இம்போர்ட் செய்தது. நீ முதலில் வா, நீ முதலில் வா என்று இரண்டும் வாசலிலேயே நின்றன. எத்தனை முறை ஓட்டினாலும் இம்போர்ட் எரர்.

எங்கள் வீட்டுக் கதைதான் என்று சிரித்துவிட்டேன். கோடையில் இரு வீட்டுக்கும் பொதுவான போர்செட் தண்ணீர் முதலில் யாருக்கு என்று அப்பாவும் சித்தப்பாவும் முட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பக்கம் பங்காளி வீட்டுக்குப் பெண்ணின் அப்பாதான் தாம்பாளத்தோடு நேரில் போய்ப் பத்திரிகை கொடுக்க வேண்டும்.

"அவன் வந்து நின்னா கூப்பிடுறேன்" என்றார் அப்பா. "அண்ணன் வந்து கூப்பிட்டா வர்றேன்" என்று சித்தப்பா சொல்லியனுப்பினார். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் இல்லாமல் என்ன கல்யாணம்?

ஸ்கிரிப்ட் சுலபமாகச் சரியானது. இரண்டுக்கும் தேவையான எடைக் கணக்கைப் பிரித்து மூன்றாவதாக ஒரு ஃபைலில் போட்டேன். எடையை இரண்டும் அதனிடமே கேட்டுக்கொண்டன, உடனே ஓடியது. அந்தத் தெம்பில், வீட்டிலும் நானே மூன்றாவது ஃபைலாகிவிடுவது என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கல்யாணப் பெண்ணே பத்திரிகை வைப்பது எங்குமில்லாத வழக்கம்தான்.

சித்தி வாங்கிக்கொண்டார். சித்தப்பா எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் வரலையாம்மா?"

"நான் வந்திருக்கேன்ல சித்தப்பா. வந்துடுங்க."

தலையாட்டினார். கல்யாணத்தன்று தாலி ஏறும்வரை கூட்டத்தில் அவரைத் தேடினேன். காணோம். வரமாட்டேன் என்று நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது.

போன வாரம்தான் கல்யாண வீடியோ வந்தது. ட்ரோன் கேமரா மண்டபத்தை மேலிருந்து சுற்றுகிறது. வாசல் வாழைமரத்தடியில், புது வேட்டி சட்டையில் சித்தப்பா நிற்கிறார். மண்டபப் படியில் அப்பா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடிதான் நிற்கிறார்கள். போங்கப்பா, நாலு எட்டு வையுங்கள் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

ட்ரோன் ஒரு சுற்றுப் போய்த் திரும்பும்போது வாழைமரத்தடியில் யாருமில்லை. அப்பா மட்டும் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.