மொட்டைமாடியில் மோர்ஸ்

என் கணவர் ஒரு தேர்வில் எல்லாவற்றிலும் தேறி ஒன்றில் மட்டும் தோற்றுவிட்டு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், இரண்டாம் நிலை அதிகாரி. அடுத்த படியான ஃபர்ஸ்ட் மேட் ஆக அரசாங்கத் தேர்வு எழுதியாக வேண்டும். அதற்காகவே கப்பலை விட்டு இறங்கி, சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படித்தார்.

அந்தத் தேர்வின் விதிகள் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். எழுத்து, வாய்மொழி, சிக்னல் என்று அதற்கு மூன்று பகுதி. எழுத்திலும் வாய்மொழியிலும் தேறிவிட்டார். சிக்னல்தான் காலை வாரிவிட்டது. இருட்டு அறையின் ஒரு கோடியில் சின்ன விளக்கு ஒன்று மினுக்கும். குட்டையாக மினுக்கினால் புள்ளி, நீளமாக மினுக்கினால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்து ஓர் ஆங்கில எழுத்து; இதற்கு மோர்ஸ் என்று பெயர். தேர்வு எழுதுபவர் கண்ணை விளக்கிலிருந்து எடுக்கக் கூடாது. படித்த எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒருவர் அதைக் குறித்துக்கொள்வார். குறிப்பிட்ட காலத்துக்குள் அதையும் தேறாவிட்டால் ஏற்கெனவே தேறியதும் செல்லாது. மூன்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

"எல்லும் எஃப்பும் குழம்புது. ஒண்ணைக் கண்ணாடியில பாத்தா இன்னொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

"ஒரு வாரம் டைம் குடுங்க. நான் கத்துக்கிட்டு உங்களுக்கு சொல்லித் தர்றேன்" என்றேன்.

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னால் கற்க முடியாதது என்று ஒன்று இருக்கும் என எனக்குத் தோன்றியதே இல்லை. சொன்ன ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போதுகூடச் சிவப்புப் பேனா மேஜைமேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

விளக்குக்கும் கண்ணுக்கும் தூரம் வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அடுத்த வீட்டில் இருந்தவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் மரக்கடை வைத்திருந்த ஒரு பாய். விஷயத்தைச் சொன்னதும், "நம்ம மாடியை எடுத்துக்கோங்க டீச்சரம்மா. குறிச்சுக்க ஆள் வேணும்னீங்களே, நான் எழுதறேன். கட்டை மேல இங்கிலீஷ் எழுத்து போட்டுப் போட்டுப் பழக்கம்தான்" என்றார்.

அப்படியே ஏற்பாடாயிற்று. பொழுது சாய்ந்ததும் நான் எங்கள் மாடியில் டார்ச்சோடு நிற்பேன். பாய் வீட்டு மாடியில் என் கணவர் பார்த்துச் சொல்ல, பாய் ஒரு அட்டையை மடியில் வைத்துக் குறிப்பார். பாதி நாள் முழு வார்த்தைகள். பாதி நாள் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம், தேர்வில் வருவதுபோல.

வங்கதேசத்தை வைத்துப் போர் மூளும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் தெருவுக்கு மேலேதான் பயிற்சி விமானங்கள் தாழப் பறந்து தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் போகும். யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் டார்ச்சை அழுத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். என் வீட்டுக்கு இல்லை, பாய் வீட்டுக்கு.

கான்ஸ்டபிளின் குரல் காலி மனையைத் தாண்டிக் கேட்டது. "இன்னா பாய், மாடில லைட்டு வுட்டுகினு கீறியாமே? ஏரோப்ளேனுக்கு சிக்னலா?"

"லைட்டு நான் விடலீங்க. நான் எழுதறது மட்டும்தான்" என்றார் பாய். கையில் இருந்த அட்டையில் நான் அனுப்பிய கே, எக்ஸ், க்யூ, ஆர் என்று எழுத்துகள் வரிசையாக இருந்தன. அதைவிட மோசமான பதிலை அவர் சொல்லியிருக்க முடியாது.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் பாய் வீட்டு மாடிக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பாய் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். என் கணவர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்பதாக இல்லை.

"லைட் என்னோடது சார். இதோ டார்ச். நான் ஸ்கூல் டீச்சர், அடுத்த வீடு. விசாரிக்கணும்னா என்னை விசாரிங்க. இவர் எங்களுக்கு உதவி பண்ண வந்தவர்."

"யாருக்கும்மா சிக்னல் குடுத்தீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"என் வீட்டுக்காரருக்கு."

"வூட்டுக்காரருக்கு சிக்னல் குடுக்க டார்ச்சு எதுக்கும்மா?" என்றார் கான்ஸ்டபிள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். நான் தேர்வின் விதிகளை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"சரி, நீங்களே பரீட்சை வைங்க சார். உங்க மனசுல இருக்கிற ஒரு பேரை இங்கிலீஷ்ல எழுதி என்கிட்ட மட்டும் காட்டுங்க. என்கூட எங்க வீட்டு மாடிக்கு வாங்க. நான் டார்ச்ல அனுப்பறேன். உங்க ஆள் இங்க பக்கத்துல நின்னு என்ன படிக்கிறாங்கன்னு பாக்கட்டும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தார். மாடியில் என்னிடம் காட்டிய தாளில் உளுந்தூர்பேட்டை என்று இருந்தது. அவருடைய சொந்த ஊர். வழக்கத்தைவிட நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினேன். பாய் வீட்டு மாடியில் என் கணவர் குரல் எழும்பி எழும்பி அடங்கியது. பிறகு கான்ஸ்டபிள் பாயின் அட்டையோடு மூச்சிரைக்க வந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் தாளையும் அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் கரெக்ட். 'எல்' வர்ற இடத்துல மட்டும் 'எஃப்' இருக்கு."

"அதனாலதான் சார் ஃபெயிலானாரு" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். ஆனாலும் வெளியே இனி விளக்கு கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். போகிற வழியில் பாயிடம், "மனசுல வெச்சுக்காதீங்க பாய்" என்றார்.

மறுநாள் பாய் மரக்கடைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போனேன்.

"இனிமே நான் வேணாம் டீச்சரம்மா. உங்க வூட்டுக்கு வந்தா கேட்டுட்டு போயிடுவாங்க. எங்க வூட்டுக்கு வந்தா அப்படியா?" என்றார்.

"நீங்க வராட்டி இவர் இந்த வாட்டியும் ஃபெயில்தான். இனிமே எங்க கூடத்துலதான் பழக்கம். வெளிச்சம் இருக்கும்போதே, முன் கேட் வழியா, தெரு பாக்க வாங்க. நானே வாசல்ல நின்னு கூப்பிடறேன்" என்றேன்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், தெருவில் பெண்கள் பால் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று, தெருமுனைக்குக் கேட்கும்படி, "வாங்க பாய், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றேன்.

சில நாளில் போர் வந்தது. வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினோம். எங்கள் கூடம் பகலிலேயே தேர்வு அறைபோல இருண்டது. டார்ச் முகத்தில் அட்டை ஒட்டி ஊசித் துளை போட்டேன். கூடத்தின் கோடியிலிருந்து பார்க்கக் கடலில் தொலைவில் நிற்கும் விளக்குபோலத் தெரிந்தது. எல்லும் எஃப்பும் மட்டும் கலந்து கலந்து அனுப்பினேன். என் கணவர் என்னைத் திட்டினார். பாய் எனக்குப் பரிந்து பேசினார். போர் சீக்கிரமே முடிந்தது. தாள்களைக் கிழிக்க நாங்கள் மட்டும் அவசரப்படவில்லை.

தேர்வன்று என் கணவர் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தேர்வு அலுவலகத்துக்குப் போனார். நான் பள்ளியில் பாடம் நடத்தினேன். தேறுவார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர் எங்கள் கேட்டைத் திறக்காமல் நேரே பாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன தம்பி, நம்ம பாஸா?" என்று பாய் கேட்டது எனக்கு இங்கே கேட்டது.

"நம்ம பாஸ்" என்றார் இவர்.

பொங்கல் முடிந்து ஃபர்ஸ்ட் மேட்டாகக் கப்பல் ஏறினார். அவர் வாயிலிருந்து செய்தி பரவி, அடுத்த வருடமே பெருங்களத்தூரிலிருந்து ஓர் இளம் அதிகாரி சைக்கிளில் வந்து, "சிக்னல் சொல்லித் தர்ற டீச்சர் வீடு இதுவா?" என்று கேட்டார். அதன்பின் அந்தப் பத்தாண்டு முழுக்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். கடலில் கால் வைக்காத பெண்ணிடம் கற்பதா என்று தயங்கியவர்களை நான் சமாதானப்படுத்தியதில்லை. டார்ச்சை எடுத்து வேகத்தைக் கூட்டினேன். அட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய், அவர்கள் தப்பாகச் சொன்ன எழுத்தைப் பெரிதாக வட்டம் போட்டுக் காட்டுவார்.