சீம்பால் கொடுக்காத வீடு

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள், பதினொரு பசுக்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் என்னைப் போலப் பால் கறக்கிறவள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததில்லை. இது நடந்தது கலஹாவுக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில், என் கடைசி மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில்.

அந்த நாட்களில் காலையில் சந்திக்குப் பால் லொறி வரும். வரிசையில் யாருடைய வாளி நிறைந்திருக்கிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். பல வருடம் அது என் வாளிதான். பிறகு அடுத்த காம்பராவுக்கு மஹய்யாவையிலிருந்து ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்தாள். டவுனில் வளர்ந்தவள். மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூடத் தெரியாது; அதையும் நான்தான் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் ஈற்றில் அவள் மாடு என் மாட்டைவிட இரண்டு போத்தல் கூடக் கறந்தது. அன்று காலை எனக்குத் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

என்னதான் செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். புண்ணாக்கில் சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் போட்டுக் கலந்தாள். கொட்டிலில் செங்கல் மாதிரி ஓர் உப்புக் கட்டியும் தொங்கியது. மாட்டு டாக்டர் கூட்டம் வைத்துச் சொன்னாராம். தாதுச் சத்தும் விற்றமினும் கலந்த தூளாம். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. பால் மாட்டைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா?

ஒரு நாள் அவளே அந்தத் தூளைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தாள்.

"அக்கா, ஒங்க மாடு சொவத்துச் சுண்ணாம்ப நக்குது, காயப்போட்ட துணிய மெல்லுது. சத்துப் பத்தாட்டி அப்பிடித்தான் செய்யுமாம். இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க."

"எம் மாடு ருசிக்கு நக்குது. ஒனக்கென்ன புள்ள?" என்றேன். அவள் போனதும் தூளை, லயத்து வாசல்களை ஒட்டி ஓடும் சாக்கடைக் கானில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

என் மாட்டுக்கு அந்த ரோஷம் இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டால் நேராக அவள் கொட்டிலுக்குத்தான் ஓடும். அந்த உப்புக் கட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். நான் கூப்பிட்டால் காதைக்கூட ஆட்டாது. என் கையில் வளர்ந்த மாடு! பால் வரிசையில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "இவ எம் மாட்டுக்கு வசிய மருந்து வச்சிட்டா!"

"வசியம் வைக்கத் தெரிஞ்சவ மொதல்ல அவ மாமியாருக்குல்ல வச்சிருப்பா," என்றார் ஒரு கிழவர். வரிசையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த தடவை என் மாடு விடியற்காலையில் கன்று போட்டது. கன்று போட்டால் லயம் முழுக்கச் சீம்பால் காய்ச்சிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் ஒரு வாய் கொடுப்பார்கள். நான் செம்பு செம்பாகக் கொடுத்து என் மாட்டின் மடியைக் காட்ட நினைத்தேன். கடைசிச் சொட்டு வரை கறந்து, பதினொரு வீட்டுக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாவது அவள் வீடு. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெறுஞ் செம்பை ஆட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனேன்.

பகல் சாப்பாட்டு நேரம் மாடு தள்ளாடி விழுந்தது. கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொண்டது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. எழுப்பினால் எழும்பவில்லை. சீம்பால் குடித்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் கண் பட்டுவிட்டது என்றுதான் நான் அழுதேன். அவள் வந்து மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தாள். ரோட்டுக்கு ஓடினாள். கொழுந்து லொறியில் ஏறிப் போனவள் டாக்டரின் ஜீப்பில் திரும்பி வந்தாள்.

டாக்டர் சிங்களவர். கழுத்து நரம்பில் ஊசி குத்தி மருந்தை மெதுவாக ஏற்றினார். அவ்வளவு நேரமும் மருந்துப் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். போத்தல் முடிந்து கொஞ்ச நேரத்தில் மாடு நடுங்கியது, ஏப்பம் விட்டது, பிறகு காலை ஊன்றி எழுந்து நின்றது.

"அம்மா, பால் முழுசும் கறந்ததா?" என்று கேட்டார் டாக்டர். "ஒடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்து அந்தப் பாலோட போனது. மொத நாள் கன்னுக்கு வேண்டியது மட்டும்தான் எடுக்கணும். தூள் கொடுக்கிறதா?"

நான் குனிந்து மாட்டின் கயிற்றைச் சரிசெய்தேன்.

"நான் அக்காவுக்குக் குடுத்தேன் டாக்டர். முடிஞ்சிபோச்சு போல. இன்னும் கொஞ்சம் குடுக்கிறேன்," என்றாள் அவள். தூள் தன் வாசலைக் கடந்து கானில் கரைந்து ஓடியதை அன்றே பார்த்தவள் அவள். இதைச் சொன்னபோது அவள் முகத்திலேயே அது தெரிந்தது.

அவள் மாடு கூடக் கறந்த இரண்டு போத்தலை நான் பொறுத்திருப்பேன். அந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது.

அடுத்த நாளிலிருந்து டாக்டர் சொன்ன அளவில் தூள் போட்டேன். மாடு சுவரை நக்குவதை விட்டது, பாலும் ஏறியது. அப்படியும் அவள் மாடு அரைப் போத்தல் கூடத்தான் கறந்தது. நான் தினமும் எட்டிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இன்று இரண்டு பேரிடமும் மாடு இல்லை. அவள் அதே அடுத்த காம்பராவில்தான் இருக்கிறாள். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவளுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டது பால் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். "தப்புச் செய்துவிட்டேன்" என்று இத்தனை வருடமும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதினேன்.

பேத்தி, இங்கே வா. இதை முதலிலிருந்து வாசி. மெதுவாக வேண்டாம்; அடுத்த காம்பராவுக்குக் கேட்கிற மாதிரி வாசி.