சாமி ஒதுக்கிய கறிவேப்பிலை

நாகலாபுரம் தாண்டியதும் பஸ் பஞ்சர். திருப்பதி போய்ச் சாப்பிடலாம் என்று வந்ததில் வயிறு காய்கிறது. எதிரே டீக்கடை. அதன் பின்னால் கதவு சாத்திய ஓலைக் குடிசை.

"உள்ள சாமி தியானத்துல கீறாரு சார்," என்கிறார் கடைக்கார அம்மா. "போன மழைக்கு உட்கார்ந்தவரு. எழுந்திரிக்கல, பேசல, ஒண்ணும் துன்னல."

சொல்லிக்கொண்டே தட்டில் தயிர்சாதத்தைக் குவிக்கிறார். மேலே தாளிப்பு, ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். தட்டைக் குடிசைக்குள் வைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு வருகிறார்.

"ஒண்ணும் துன்னலன்னீங்களே?"

"துன்றதுக்கா வெக்கிறோம்? அது நைவேத்தியம் சார்."

உள்ளேயிருந்து ஒரு ஏப்பம் கேட்கிறது. நான் கடைக்கார அம்மாவைப் பார்க்கிறேன். அவர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு போய்த் தட்டை எடுத்து வருகிறார்.

நைவேத்தியம் என்றால் பிரசாதம் உண்டல்லவா? பசியில் கை நீட்டுகிறேன். தட்டு துடைத்த மாதிரி இருக்கிறது. ஓரத்தில் ஒதுக்கிய ஒரே ஒரு கறிவேப்பிலை.

"என்னம்மா, சாதம் எங்கே?"

"கல்லு சாமின்னா வெச்சது அப்படியே திரும்பி வரும். இவரு உசுரோட கீற சாமி சார்!"

வாதத்தில் ஓட்டை தேடுகிறேன். அதற்குள் அந்தக் கறிவேப்பிலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிடுகிறார். சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன். கை மட்டும், என்னைக் கேட்காமலேயே, அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.