மிருகத்தின் கக்கத்தில் ஓர் ஒட்டு

அத்தாவின் வலது கண்ணில் புரை நீக்கிய பத்தாம் நாள் மதியம், வீட்டில் ஒரு ஜப்பானிய ராட்சத மிருகப் படம் போட்டேன். பொழுதுபோக்குக்காக இல்லை, அவர் கண்ணைச் சோதிக்க.

அத்தா தோல் கிடங்கில் தரம் பிரிப்பவர். எரியோடு ஊர்ப் பக்கமிருந்து வரும் ஆட்டுத்தோலை விரித்து, உண்ணிக்கடி, கத்திவெட்டு, முள்கீறல் என்று பார்த்துத் தனித்தனியாக அடுக்குவார். அறுவை சிகிச்சைக்கு முந்திய மாதம், கத்திவெட்டு விழுந்த இரண்டு தோல்களை முதல் தரத்தில் சேர்த்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரே கிடங்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கடைசி வரி எழுத்துவரை வாசித்த பிறகும், "எழுத்துப் படிக்கவா என்னையக் கிடங்குல வச்சிருக்காக?" என்றார்.

நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ஞாயிறு மதியங்களில் இந்தப் படங்களைச் சேர்ந்து பார்ப்போம். ஏன் பிடிக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. ஒன்று, மிருகம் மெதுவாக வரும்; ஊரே வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கும். இரண்டு, அதற்கு யார்மீதும் தனிப்பட்ட கோபம் கிடையாது. அது நடக்கிறது, கட்டடம் வழியில் நிற்கிறது. மூன்று, உள்ளே ஓர் ஆள் இருக்கிறார்.

மூன்றாவதைக் காட்டிக்கொடுத்தது அத்தாதான். நான் நொறுங்கும் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மிருகத்தின் முழங்காலைப் பார்ப்பார். "இது தோலே இல்லம்மா, ரப்பர். தோலு இப்பிடி மடியாது. உள்ள இருக்கிறவன் அவிஞ்சு போவான், பாவம்." என்றார் ஒரு நாள். அன்றோடு எனக்குப் பயம் போய்விட்டது. காட்சி முடிந்ததும் அந்த ஆளுக்கு யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்றுதான் யோசிப்பேன்.

கண்ணைச் சோதித்த அந்த மதியம் முதலில் பழகிய படத்தைப் போட்டேன். "முதுகுல தையல் தெரியுது" என்றார் அத்தா உடனே. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. விடை தெரிந்த கேள்வி எதையும் சோதிக்காது. அந்தத் தையலை அவர் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். நிறுத்திவிட்டு, நாங்கள் இருவருமே பார்த்திராத ஒன்றைத் தேடிப் போட்டேன்.

மிருகம் கடலிலிருந்து எழுந்தது. பாலத்தை உடைத்தது. ரயிலைத் தூக்கியது. அத்தா வாய் திறக்கவில்லை. நான் சொட்டுமருந்து அட்டவணையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"படத்துலயும் தோலத்தான் பாக்குறீகளா? கதையப் பாருங்க" என்றார் அம்மா.

"செத்த நேரம் சும்மா இரு." அத்தா முன்னால் சாய்ந்தார். "நிறுத்தும்மா. பின்னால போ. அங்கனதான். இடது கக்கத்துல ஒட்டுப் போட்டிருக்கான் பாரு. நெறம் சேரல."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து திரைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். கருத்த பச்சை உடம்பில், தூக்கிய கைக்கு அடியில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு வேறொரு பச்சை.

"இருக்கு அத்தா."

"இருக்குல்ல?" புரை நீக்காத இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "அம்புட்டுத் தூரம் கையத் தூக்குனா கிழியத்தான செய்யும்."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "அப்ப நாளைக்குக் கிடங்குக்குச் சோறு கட்டவா?"

"கட்டு."

மீதிப் படத்தில் அந்த மிருகம் எதையெல்லாம் மிதித்தது என்று எனக்கு நினைவில்லை. அது கை தூக்கிய ஒவ்வொரு தடவையும் அத்தா அந்த ஒட்டைக் காட்டினார்.