என் கேமராவின் மேல் மீன்கொத்தி

காலை ஏழு மணிக்கே சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் கேமரா முக்காலியை நிறுத்திவிட்டேன். பக்கத்து முக்காலி சுவா சூ காங்கிலிருந்து வந்த ஓர் அக்காவுடையது. மீன்கொத்திக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வந்ததெல்லாம் கொசுதான்.

கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊர் உணவங்காடியில் டிஷ்யூ வைத்து மேசைக்கு இடம் பிடிப்பதுபோல, முக்காலிக்கு அருகே கைப்பிடிக் கம்பியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது பலகைப் பாதையில் இன்னும் பல படக்காரர்கள் கூடியிருந்தார்கள். அத்தனை பேரின் லென்சும் என் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மீன்கொத்தி என் கேமராவின் மேல் உட்கார்ந்திருந்தது.

நான்கடி தூரம். பெரிய சிவந்த அலகு. முதுகில் அப்படியொரு நீலம். இத்தனை வருடம் படமெடுத்தும், அந்த நீலம் எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

“அசையாதீங்க தம்பி,” என்று அக்கா கிசுகிசுத்தார்.

அது விருட்டென்று தண்ணீரில் பாய்ந்தது. மீனோடு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. என் லென்சிலேயே மீனை அடித்து அடித்து, அப்படியே விழுங்கியது. லென்ஸ் என்னாகுமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது பறந்த பிறகு அக்கா கேட்டார்: “உங்களுக்கு ஒரு படம்கூட கிடைக்கலையா?”

“எப்படிக்கா? கேமரா அதோட காலுக்கடியில இருந்துச்சு லா.”

பாவம் பார்த்துத் தன் படத்தை அனுப்பினார். கேமராமேல் பறவை, அலகில் மீன், பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நான்.

இடம் என்னுடையது, கேமரா என்னுடையது, வாயும் என்னுடையது. படத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்தானே?